காகிதத்தில் ஓடிய மோட்டார்

எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் மேல் ஜென்மப் பகை உண்டு. வார்த்தையின் மேல் யாராவது பகை வைப்பார்களா என்றால், வைப்பார்கள், நான் வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை என் பத்து விரலாலும் அடித்து, கார்பன் வைத்து நாலு நகல் எடுத்து, என் அக்காவின் வயிற்றில் அடித்தவள் நான். அடிக்கச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவரை நான் சும்மா விடவில்லை. வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் என்னைப் போன்ற ஆட்களைப் பார்த்ததில்லை.

வார்த்தை ‘எனர்ஜைஸ்’. இப்போது பிஸ்கட் விளம்பரத்திலும் சோப்பு விளம்பரத்திலும் அது பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறது. எழுபதுகளில் அதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. செங்கல்பட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்த மின்சார ஆபீசில் மட்டும் அது தினப்படி வார்த்தை. புதிதாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒரு வீட்டுக்கோ கிணற்றுக்கோ முதன்முதலாகக் கரண்டு விட்டால், அதை ‘எனர்ஜைஸ் பண்ணியாச்சு’ என்பார்கள். அதற்கென்று பதிவேட்டில் தனிப் பத்தி, பத்தியில் ஒரு தேதி. அந்தத் தேதி விழுந்துவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்கு அங்கே மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். போய்ப் பார்க்கிறவர் யாரும் கிடையாது.

எனக்கு அப்போது இருபது வயது. டைப்பில் ஹையர் பாஸ் செய்து, தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, அம்மாவோடு ஒற்றை அறையில் குடியிருந்தேன். தற்காலிகம் என்றால் இன்ஜினியர் ஒரு வரி எழுதினால் அடுத்த நாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனாலும் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் இங்கிலீஷ் படித்தவள் நான். அதை யாராவது மறந்துவிட்டால் நானே ஞாபகப்படுத்துவேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகிற வழியில் ஒரு கடலோர ஊரில் அவளைக் கொடுத்திருந்தோம். மாமா ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. மிச்சம் இருந்தது மணல் பாங்கான ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கிணற்றில் கவலை ஏற்றம் கட்டித் தண்ணீர் இறைக்க ஒரு ஜோடி மாடு. கருமாதி முடிந்ததும் மாமாவின் அண்ணன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். தனிப் பொம்பளையால் விவசாயம் பண்ண முடியாது, நிலத்தை எங்களிடம் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்றார். அக்கா அசையவில்லை. கடைசியில் ஊர் ஒரு முடிவு சொன்னது. வருகிற ஆடிக்குள் நிலம் முழுக்கப் பயிர் பச்சையாக நின்றால் நிலம் அவளுடையது. நிற்காவிட்டால் அவள் நடையைக் கட்ட வேண்டும்.

மாமா உயிரோடு இருந்தபோதே பம்ப்செட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். அந்த மனு வரிசையில் நகர்ந்து நகர்ந்து, அந்த வருஷம் தையில் எங்கள் ஆபீசிலேயே அனுமதி ஆனது. அனுமதிக் கடிதத்தை அடித்தவள் நான்தான். விலாசத்தைப் பார்த்ததும்தான் அது அக்காவுடையது என்று தெரிந்தது. தபாலில் போடுவானேன் என்று, நகலை மடித்துக் கைப்பையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக அக்கா வீட்டில் போய் இறங்கினேன். வாசலில் நின்றபடியே இங்கிலீஷில் முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

“தமிழ்ல சொல்லுடி. இன்னா எழுதிகீது?”

“மார்ச்சு மாசம் முடியறதுக்குள்ள உன் கிணத்துக்கு எனர்ஜைஸ் பண்ணுவாங்களாம். மோட்டாரு, ஸ்டார்ட்டரு எல்லாம் வாங்கி ரெடியா வைக்கணுமாம்.”

“அது இன்னா, எனர்ஜீசு?”

“உசிரு குடுக்கறதுக்கா. சுவிச்சப் போட்டா தண்ணி கொட்டும்.”

“நிச்சயமா மார்ச்சுல வந்துருமா?”

“கவர்மெண்டு பேப்பர்ல எழுதிகீது. நானே அடிச்சிகிறேன். இன்னும் இன்னா நிச்சயம் வேணும் உனக்கு?”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வாரமே சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போய் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் மோட்டார் வாங்கிவிட்டாள். இரண்டையும் வைத்துக்கொள்ள அவளுக்கு வழி இல்லை. மோட்டார் வந்தால் மாடு எதற்கு என்று நானும் சொல்லியிருந்தேன். விற்றது ஒரு வெள்ளை மாடும் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலை மாடும். மயிலை அவள் குரலுக்குத் தலையைத் திருப்பும். மோட்டாரைக் கூடத்து மூலையில் வைத்து, தூசி படாமல் கோணிப்பை போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோணிக்குக் குங்குமம்கூட வைத்தாள்.

மார்ச் கடைசி வாரம் எங்கள் ஆபீசில் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த வருஷத்துக்குள் இத்தனை பம்ப்செட்டுக்குக் கரண்டு கொடுத்திருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருக்கும். முக்கால்வாசி வேலைதான் முடிந்திருக்கும். மிச்சத்தைப் பேனாவால் முடிப்பார்கள். கம்பம் நடாத கிணற்றுக்கும் தேதி போட்டுவிட்டு, பிறகு மெதுவாகப் போய்க் கம்பம் நடுவது வழக்கம். எல்லா ஆபீசிலும் உண்டு, இதில் தப்பில்லை என்று இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் எழுதிக் கொடுத்த நீளப் பட்டியலை நான் ராத்திரி ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்து அடித்தேன். பெயர் கிடையாது, சர்வீஸ் நம்பரும் ஊரும் மட்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘எனர்ஜைஸ்டு’. அடிக்க அடிக்க அது வார்த்தையாகவே தெரியவில்லை, விரல் தானாக ஓடியது.

சித்திரை பிறந்தது. அக்கா கிணற்றுக்குக் கரண்டு வரவில்லை. மிளகாயும் கத்திரியும் நட்டிருந்தாள். மாடு இல்லை, கவலை ஏற்றமும் இல்லை. கயிறும் வாளியும்தான். வாரநாளில் அவள் தனியாக இறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால், வா என்றுகூடச் சொல்ல மாட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கயிற்றை என் கையில் கொடுத்துவிடுவாள். டீ கிடையாது, பேச்சு கிடையாது. உச்சி வெயில் வரைக்கும் நான் இறைப்பேன், அவள் வாய்க்காலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவாள். மணல் குடித்தது போக மிச்சம்தான் செடிக்கு. உள்ளங்கை கொப்பளித்து, திங்கட்கிழமை டைப் மெஷினில் விரல் வைத்தால் உயிர் போகும். பாவம், அவளுக்குத்தான் எவ்வளவு அவசரம், பேசக்கூட நேரமில்லை என்று நினைத்துக்கொள்வேன். வரப்பில் மாமாவின் அண்ணன் குடையோடு வந்து நிற்பார். எத்தனை பாத்தி பச்சை, எத்தனை பாத்தி காய்ந்தது என்று கண்ணாலேயே எண்ணிவிட்டுப் போவார்.

அந்தப் பக்கம் வேலை பார்த்த லைன்மேன் ஒருநாள் ஆபீசுக்கு வந்தபோது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“அண்ணாத்த, அந்த ஊருக்குக் கம்பம் நட்டீங்களே, கிணத்துக்கு எப்பக் கரண்டு வுடுவீங்க?”

“எந்தக் கிணறு? கம்பம் ரோடு வரிக்கும்தான் நேரா போச்சு. அப்பால தோப்பு பங்களாவுக்கு வளைச்சிட்டோம். இன்ஜினீரு சொல்ட்டாரு.”

“அது வேற ஆளு பேர்ல அனுமதியான லைனாச்சே.”

“எனக்கு இன்னாத்த தெரியும்? நடச் சொன்ன எடத்துல நடுறேன்.”

தோப்பு பங்களா என்பது கடலைப் பார்த்துக் கட்டிய பெரிய வீடு. மெட்ராஸ்காரர் ஒருவருடையது. சனி ஞாயிறில் வந்து காற்று வாங்கிவிட்டுப் போவார். வீட்டுக்குக் கரண்டும், புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்க மோட்டாரும் அவருக்கு வேண்டியிருந்தன. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் சர்வீஸ் நம்பருக்கு நேரே மார்ச் மாதத் தேதி. பட்டியலில் தேடினேன். என் மெஷினில் இங்கிலீஷ் ‘இ’ எழுத்து கொஞ்சம் மேலே ஏறி விழும். அந்த ஏறிய ‘இ’யோடு, ‘எனர்ஜைஸ்டு’ என்று நானே அடித்திருந்தேன். என் அக்காவுக்கு வர வேண்டிய கம்பமும் கம்பியும் எவனோ ஒருவன் புல்லுக்குப் போய்விட்டது. காகிதத்தில் அவள் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட கிணற்றுக்கு யார் மறுபடி கொடுப்பார்கள்?

எனக்கு வயிறு எரிந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. நெஞ்சுக்குழியில் நிஜமாகவே எரிந்தது, அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள்.

இன்ஜினியரிடம் போனேன். அது என் அக்கா என்று சொல்லப் பயம். சொந்தக்காரிக்காகப் பதிவேட்டைத் துழாவினாள் என்று வெளியே அனுப்பிவிடுவார். பொதுவாகத்தான் கேட்டேன். “சார், இந்த நம்பருக்கு எனர்ஜைஸ்டுன்னு போட்டிருக்கு. அங்கே இன்னும் கரண்டு போகலைன்னு சொல்றாங்க.”

அவர் நிமிரவில்லை. “ஏம்மா, அடிக்கிறது உன் வேலை. அர்த்தம் பார்க்கிறது என் வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்த்தா ஆபீஸ் நடக்கும்.” பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். இன்ஜினியருக்கும் தன் பேச்சு பிடித்துப்போய், “எனர்ஜைஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு?” என்று வேறு கேட்டார். நான் என் மேஜைக்குத் திரும்பினேன். இரு, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனேன். தலையணை மொத்தத்தில் ஓர் இங்கிலீஷ் அகராதி அங்கே உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நின்றுகொண்டே படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், படிப்பின் மேல் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒருத்தனைக் கருவறுக்க வேண்டும் என்றால் அவன் பிடித்திருக்கும் ஆயுதம் என்ன உலோகம் என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் போனேன்.

அந்த வார்த்தைக்கு உயிர் கொடுப்பது என்று நான் அக்காவிடம் சொன்ன அர்த்தம் முழுசாகத் தப்பில்லை. வலு ஊட்டுவது, ஊக்கம் கொடுப்பது என்று போட்டிருந்தது. கரண்டு பாய்ச்சுவது என்பது பிற்பாடு சேர்ந்த அர்த்தம். ஆனால் அதன் பூர்வீகம் கிரேக்கத்தில் இருந்தது. ‘என்’ என்றால் உள்ளே. ‘எர்கான்’ என்றால் வேலை. இரண்டும் சேர்ந்து ‘எனர்கெயா’. வேலைக்குள் இருப்பது, செயலில் நிற்பது. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘எனர்ஜி’ ஆகி, அப்புறம் ஒரு வாலை ஒட்டிக்கொண்டு வினைச்சொல்லாகியிருக்கிறது. வேலை என்பதற்கு இங்கிலீஷில் சொல்கிறோமே ‘வொர்க்’, அதுவும் இதற்குப் பங்காளிதானாம். ஆஸ்பத்திரியில் சொல்கிற ‘சர்ஜரி’கூட அந்த எர்கான் வயிற்றில் பிறந்ததுதான், கையால் செய்கிற வேலை என்று அர்த்தம்.

இன்னொரு புத்தகத்தில் அதைவிட நல்ல விஷயம் கிடைத்தது. பழைய காலத்துக் கிரேக்க ஞானி ஒருவர் இரண்டைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஒன்று, செய்ய முடிகிற வலு. மற்றொன்று, செய்துகொண்டிருப்பது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவனுக்குப் பார்வை இருக்கிறது, ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எனர்கெயா என்பது அந்த இரண்டாவது. எனக்கு உடனே கோணிக்கு அடியில் கிடந்த மோட்டார்தான் ஞாபகம் வந்தது. அதற்கு வலு இருக்கிறது. கம்பெனிக்காரன் முத்திரைகூடக் குத்தியிருக்கிறான். ஆனால் அது வேலைக்குள் இல்லை. ஆக, ஓடாத மோட்டாருக்கு அந்த வார்த்தையைப் போடவே கூடாது. போட்டவனைப் பிடிக்க அகராதி போதாது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்க்க வைப்பதுதான் என் வேலை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வழி அதிக நாள் காத்திருக்க வைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சுற்றுப்பயணம் வருவார். அந்த வருஷம் எனர்ஜைஸ் ஆன பம்ப்செட்டுகளில் ஐந்தை நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அவர் ஒன்றைத் தேர்ந்து, நேரில் வந்து, ஸ்டார்ட்டரைத் தானே தட்டி ஓட்டிப் பார்ப்பார். இன்ஜினியருக்கு அதில் ஒரு பழக்கம். “போன வருஷத்துக் காகிதத்தைப் பார்த்து, நம்பரை மாத்தி அடிச்சுடும்மா” என்பார். பட்டியலைத் தனியாக எழுதித் தரமாட்டார். நாலரை மணிக்கு, ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். மேல் காகிதத்தைக்கூடப் படிக்கமாட்டார். அர்த்தம் பார்க்கிற வேலையின் லட்சணம் அது.

ஐந்தில் முதலாவதாக அக்காவின் நம்பரை அடித்தேன். குறிப்புப் பத்தியில், ‘கணவரை இழந்த பெண் விவசாயி, தானே முன்நின்று பயிர் செய்கிறார்’ என்று இங்கிலீஷில் சேர்த்தேன். ஒரு பொய் கிடையாது. எனர்ஜைஸ் ஆன தேதியை மட்டும் பதிவேட்டில் இருந்தபடியே போட்டேன். அந்தப் பொய் அவருடையது. கட்டின் நடுவே செருகி வைத்தேன். கையெழுத்து விழுந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. முதல் வரியைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து, ‘இந்த அம்மாளைப் பார்க்க விரும்புகிறேன்’ என்று அந்த அதிகாரிப் பெரியவர் கைப்பட எழுதியிருந்தார். வியாழக்கிழமை வந்த கடிதம். வருகை திங்கட்கிழமை. நகல் கலெக்டர் ஆபீசுக்கும் போய்விட்டது.

இன்ஜினியர் அதைப் படித்தபோது நான் நேர் எதிரே உட்கார்ந்து, ரிப்பனை மாற்றுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் லைன்மேனைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. அன்று மத்தியானம் தயிர் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டேன்.

ஸ்டோரில் கம்பம் இல்லை, கம்பியும் இல்லை. இருக்கிற ஒரே வழி, கொடுத்த இடத்திலிருந்தே பிடுங்குவது. சனிக்கிழமை தோப்பு பங்களாவிலிருந்து கம்பங்களைப் பெயர்த்தார்கள். பங்களாக்காரர் குடும்பத்தோடு வந்திருந்த சமயம் அது. மின்விசிறி நின்றதும் அவர் வாசலுக்கு வந்து போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். லைன்மேன் சொல்லச் சொல்ல, நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல அக்கா கிணற்றில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் பத்துப் பேர் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். கிணற்றடிக்கு வந்தவர், முந்தானையை இடுப்பில் செருகி நின்ற என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீ இங்கே என்ன பண்றே?”

“தண்ணி இறைக்கிறேன் சார். எங்க அக்கா கிணறு இது.”

அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. பட்டியல், முதல் வரி, குறிப்பு, நாலரை மணிக் கையெழுத்து. என்னைத் தாண்டி அக்காவிடம் போனார். அவர் அப்படிக் குழைந்து பேசி நான் கேட்டதே இல்லை.

“அம்மா, நாளைக்குப் பெரிய ஆபீசர் வருவார். கரண்டு எப்போ வந்துதுன்னு கேட்டா, மார்ச்லேயே வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கு. உங்களுக்குத்தான் லைன் கொடுத்துட்டேனே.”

அக்கா கம்பத்தைப் பார்த்தாள். “ஆபீசுல இன்னா எழுதிகீதோ அத்தயே சொல்றேன் சார்” என்றாள்.

அவர் போனதும் நான் அவளைப் பிடித்து உலுக்காத குறை. “அந்த ஆளுக்கு நீ இன்னாத்துக்குக்கா பயப்படணும்? நேத்து வரிக்கும் வாளில எறைச்சேன்னு சொல்லு. அந்த ஆளு ஒழியணும்.”

“நீ கயித்தப் புடி. அந்தக் கடைசி பாத்தி இன்னும் நனையல” என்றாள். அன்றும் எனக்கு டீ கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். ஊரே திரண்டிருந்தது. மாமாவின் அண்ணனும் குடையோடு நின்றார். ஆபீஸ் குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். கோணியை எடுத்து, மோட்டாரைக் கிணற்றடியில் பொருத்தியிருந்தார்கள். பெரியவர் ஸ்டார்ட்டரைத் தட்டினார். மோட்டார் ஒரு முறை உறுமியது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கி, பிறகு கையகலத்துக்குத் தெளிந்த தண்ணீர் கொட்டியது. அக்கா உள்ளங்கையை நீட்டி அதைத் தொட்டாள். இன்ஜினியர் கழுத்தில் யாரோ ஒரு மாலையைப் போட்டார்கள். திருடனைப் பிடிக்க வலை விரித்தால், திருடனுக்கு மாலை விழுகிறது.

பெரியவர் நல்ல தமிழில் கேட்டார். “ஏம்மா, கரண்டு எப்போ வந்தது?”

இன்ஜினியர் அக்காவைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

“கரண்டு மார்ச்சு மாசமே வந்துடுச்சின்னு ஆபீசுல எழுதிகீறாங்க சார். தண்ணி இன்னிக்குத்தான் வந்துது.”

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள். சிரிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. பெரியவர் ஈரம் காயாத கம்பத்துக் குழிகளைப் பார்த்தார், கிணற்று மேட்டில் கிடந்த வாளியையும் கயிற்றையும் பார்த்தார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாலை போட்டபடியே இன்ஜினியர் ஜீப்புக்கு ஓடினார். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தூக்கம் வராத நாளில் அதை நினைத்துக்கொண்டால் தூங்கிவிடுவேன்.

விசாரணை நடந்தது. பங்களாக்காரர் நினைத்திருந்தால் காப்பாற்றியிருப்பார். ஆனால் கம்பத்தைப் பிடுங்கிய கோபத்தில், இந்த ஆள் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டார். பேனாவால் முடித்த மற்றக் கிணறுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதவி இறக்கம், வெகுதூரத்துக்கு மாற்றல். அதற்கு முன்னால், குற்றச்சாட்டு மெமோவை அடிக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. இன்ஜினியர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அதுவரை அவர் கூப்பிட்டு நான் போய்த்தான் பழக்கம்.

“அம்மா, ஒரே ஒரு இடம். ‘எனர்ஜைஸ் ஆனதாகப் பொய்யாகக் காட்டினார்’ன்னு எழுதியிருக்கு. ‘கவனக்குறைவாக’ன்னு மாத்தி அடிச்சுட்டா, மேலே யாரும் கவனிக்கமாட்டாங்க. அர்த்தம் பெரிசா மாறாது.”

இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன். “அர்த்தம் பார்க்கிறது என் வேலை இல்லையே சார். நான் அடிக்கிறவ” என்றேன். பொய்யாக என்ற வார்த்தையை அழுத்தி அடித்தேன். நாலாவது நகலிலும் தெளிவாக விழுந்தது. பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

ஆடி பிறந்தபோது ஒன்றரை ஏக்கரும் பச்சையாக நின்றது. ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, நிலம் அவளுடையது என்று சொல்லிப் போனார்கள். மாமாவின் அண்ணன் அன்று குடையை விரிக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பந்தாவாகப் போய் இறங்கினேன். நூலகத்தில் படித்ததிலிருந்து மெமோ அடித்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா மிளகாய் பறித்துக்கொண்டே கேட்டாள். எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

“இன்னாக்கா, எப்டி பழி வாங்கினேன் பாத்தியா? உன் மாட்டுக்கும் சேத்துத்தான்.”

“மாட்ட அந்த ஆளா விக்கச் சொன்னாரு?”

நானும் குனிந்து ஒரு மிளகாயைப் பறித்தேன்.

“அந்த ஆளு மூஞ்சியே எனக்கு அப்பத் தெரியாது. நீ படிச்சி சொன்னேன்னுதான் வித்தேன். இன்னும் இன்னா நிச்சயம் வேணும்னு நீதான் கேட்ட.” ஒரு பழுத்த மிளகாயைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். “அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒன்ன வாளி எறைக்க வுட்டேன். நீ ஒரு ஆளு எறைச்சா எனக்கு எத்தினி பாத்தி நனஞ்சிடப் போவுது?”

என் உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்த இடம் அப்போதும் கரடுமுரடாக இருந்தது. சித்திரை, வைகாசி, இரண்டு மாதம். ஒவ்வொரு வாரமும் பஸ் பிடித்துப் போய் அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள்.

“எழுந்து வா. டீ போடட்டா?”